படத்தின் மேல் பெயரா, பொம்மையின் அடியில் பெயரா?

ஆடி பிறந்ததும் பண்ருட்டிக் கொலு பொம்மைகளின் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு என்று எங்கு பார்த்தாலும் தசாவதார செட், அஷ்டலட்சுமி செட், கல்யாண செட். உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒரே பொம்மை, பின்னால் அதே நீலத் துணி, அதே பக்கத்திலிருந்து விழும் வெயில். படத்தின் மேல் எழுதியிருக்கும் கடைப் பெயர் மட்டும் குழுவுக்குக் குழு வேறு. அவற்றில் எது பொம்மையைச் செய்தவருடைய பெயர் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பல நேரம் எதுவுமே அவருடையதாக இருப்பதில்லை.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது வாட்டர்மார்க். படத்தின் மேல் கடையின் பெயரையோ லோகோவையோ மங்கலாகவோ அழுத்தமாகவோ பதித்துவிடுவது. கைவினைப் பொருளை இணையத்தில் விற்க வருகிற எவருக்கும் முதலில் கிடைக்கும் புத்திமதிகளில் இது ஒன்று. செலவில்லை, இலவச ஆப் போதும், ஒரு நிமிட வேலை. அதனாலேயே இதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. போட்டால் பாதுகாப்பு, போடாவிட்டால் நஷ்டம் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். வாட்டர்மார்க் திருட்டைத் தடுக்கிறதா? விற்பனையைக் கெடுக்கிறதா? சட்டத்தின் முன் உதவுகிறதா? கடைசியாக, அது யாருடைய பெயரைக் காப்பாற்றுகிறது?

பண்ருட்டியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் பலாவும் முந்திரியும்தான். ஆனால் கெடிலம் ஓடும் இந்தப் பகுதியில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்வது குடும்பத் தொழிலாக இருந்து வருகிறது. கடலூர் வண்டிப்பாளையத்திலும் அப்படியே. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் மொத்தமாகப் போகின்றன. செய்தவர் ஓரிடத்தில் இருக்க, சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நவராத்திரிக் கடைகளிலும் கைப்பேசித் திரையிலும் அவற்றை வேறொருவர் விற்கிறார். செய்பவரும் படம் போட்டு விற்பவரும் ஒரே ஆளாக இல்லாத தொழில் இது. வாட்டர்மார்க் பற்றிய பொதுப் புத்திமதிகள் எல்லாம் இருவரும் ஒருவரே என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. இங்கே அவை அப்படியே பொருந்துவதில்லை.

மூன்று வகைத் திருட்டு

'படத்தைத் திருடுகிறார்கள்' என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு செயல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, மறுவிற்பனையாளர் படத்தை எடுத்துத் தன் பக்கத்தில் போடுவது. ஆர்டர் வந்ததும் பொம்மைக்காரரிடமே வாங்கி அனுப்புவார். அனுமதி கேட்கவில்லை என்ற குறை உண்டு. ஆனால் பொம்மை விற்கிறது, செய்தவருக்குக் காசு வருகிறது. இழப்பது பெயரையும் அடுத்த முறை நேரடியாக வரக்கூடிய வாடிக்கையாளரையும்.

இரண்டாவது, கையில் பொம்மையே இல்லாத மோசடிக்காரர். நல்ல படங்களைத் திரட்டி ஒரு போலிப் பக்கம் திறந்து, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி, யுபிஐ வழியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். இங்கே வாங்குபவருக்குப் பணம் போகிறது; பொம்மைக்காரருக்கு நம்பிக்கை போகிறது. 'பண்ருட்டிப் பொம்மை என்று ஏமாற்றினார்கள்' என்ற பேச்சு ஊருக்கே ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, வடிவத்தைத் திருடுவது. ஒருவர் மாதக்கணக்கில் யோசித்துப் புதிதாக ஒரு செட் வடிக்கிறார். அது நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் இன்னொருவர் அதே நிற்கும் பாங்கு, அதே முகம், அதே மடிப்புகளோடு அடுத்த ஆண்டு இறக்கிவிடுகிறார். வருவாய் இழப்பு என்று பார்த்தால் இதுதான் பெரிய அடி.

வாட்டர்மார்க் இம்மூன்றையும் ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை. முதல் இரண்டில் அதற்கு ஓரளவு வேலை இருக்கிறது. மூன்றாவதில் அதற்கு எந்த வேலையும் இல்லை. வடிவத்தைத் திருட நினைப்பவருக்குப் படம் தேவையே இல்லை. கடையில் ஒரு பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, அதன் மேலேயே அச்சு எடுத்துவிடலாம்.

தடுக்குமா?

ஒரு கல்யாண செட்டின் படத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர், தவில்காரர், தாம்பாளத் தட்டோடு நிற்கும் மாமிகள். படத்தின் வலது கீழ் மூலையில் கடைப் பெயர் சின்னதாக இருக்கிறது. திருடுபவர் விளிம்பை விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பெயர் வெளியே போய்விடும்; பொம்மைக்கு ஒரு சேதமும் இல்லை. சரி, நடுவில் போடலாம் என்று பெயரை மங்கலாகக் குறுக்கே ஓட்டினால் அது மணப்பெண்ணின் முகத்தில் விழுகிறது. மூலையில் இருந்தால் நிற்பதில்லை. நடுவில் வந்தால் பொம்மையை மறைக்கிறது. இந்த முரண் வாட்டர்மார்க்கின் பிறவிக் குறை. எந்த ஆப்பும் இதைத் தீர்த்துவிடாது.

நடுவில் போட்டதாவது நிலைக்கிறதா? 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் கணினிப் பார்வைத் துறையின் முக்கிய மாநாடான சிவிபிஆரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படங்களை விற்கும் பெரிய நிறுவனங்கள் ஒரே வாட்டர்மார்க்கை ஆயிரக்கணக்கான படங்களில் ஒரே மாதிரி பதிக்கின்றன. அப்படிப் பதித்த படங்கள் நிறையக் கிடைத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கணினி கணித்து, அதை மட்டும் தானாக நீக்கிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். படத்துக்குப் படம் குறியைச் சற்றே நெளித்துப் பதித்தால், நீக்கிய பிறகும் தடயம் எஞ்சும் என்றும் சொன்னார்கள். இன்று அந்த அளவு கணக்கு கூடத் தேவையில்லை. வேண்டாததை விரலால் தேய்த்து அழிக்கும் வசதி சாதாரணக் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. நீலத் துணிப் பின்னணியில் இருக்கும் எழுத்து நொடியில் மறையும். பட்டுப்புடவையின் கரை மேலோ நகை வேலையின் மேலோ இருக்கும் எழுத்தை அழித்தால் மட்டும் அந்த இடம் கலங்கித் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத அடையாளங்களும் உண்டு. படக் கோப்புக்குள் எடுத்த தேதி, கருவி, உரிமையாளர் பெயர் ஆகியவற்றைப் பொதித்து வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் கழன்றுவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தங்குகிறது. நம்முடைய வியாபாரத்தில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் நடப்பதால் இந்த வழியும் பரவிய படத்தைக் காக்காது.

ஆகவே உறுதியாகத் திருட நினைப்பவரை வாட்டர்மார்க் தடுக்காது. அது தடுப்பது அவசரக்காரரையும் சோம்பேறியையும்தான். அந்தப் பலனைச் சிறிதாக எண்ணவும் கூடாது. ஸ்டேட்டஸில் பார்த்ததை அப்படியே எடுத்துப் போடும் மறுவிற்பனையாளர்களில் பலர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. படத்தில் பொம்மைக்காரரின் பெயரும் எண்ணும் இருந்தால் ஒன்று கேட்டுவிட்டுப் போடுவார்கள், இல்லையென்றால் பெயரோடேயே போடுவார்கள்.

விற்பனையைக் கெடுக்குமா?

கொலு பொம்மை வாங்குபவர் முதலில் பார்ப்பது முகம். கண் திறந்த விதம், புருவத்தின் வளைவு, உதட்டுச் சிவப்பு, மூக்குத்தியின் புள்ளி. கைவேலை இயந்திர வேலையிலிருந்து பிரிந்து நிற்பது அந்த இடங்களில்தான். இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் 'விலை என்ன?' என்று கேட்பார்கள். முகத்தின் குறுக்கே எழுத்து ஓடினால், எதைக் காட்டி விற்க வேண்டுமோ அதையே மறைத்ததாகிவிடும். எழுத்துக்குப் பின்னால் ஏதாவது விரிசல் இருக்குமோ, வண்ணம் உரிந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடம் கொடுக்கும். தூரத்திலிருந்து, தொட்டுப் பார்க்க முடியாமல், உடையக்கூடிய பொருளை வாங்குபவரின் நம்பிக்கை முழுக்கத் தெளிவான படத்தில்தான் இருக்கிறது.

பெரிய சந்தைத் தளங்கள் இதில் பேரத்துக்கே இடம் வைக்கவில்லை. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் கூடாது. பொருள்களைப் பட்டியலிடும் கூகுள் மெர்ச்சண்ட் சென்டரும் வாட்டர்மார்க் போட்ட படங்களை ஏற்பதில்லை. உள்ளூர்க் குழுக்களுக்காக எல்லாப் படத்திலும் பெயரை அழுத்திப் பதித்துவிட்டு, பெயரில்லாத மூலப் படத்தை அழித்துவிட்டவர் பிறகு தளத்தில் கடை திறக்க வரும்போது எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டிவரும். பொம்மைகள் அதற்குள் விற்றுப்போயிருக்கும்.

விற்பனை என்ற தராசில் பெரிய வாட்டர்மார்க் நஷ்டம். விளிம்போரமாக, முகத்தைத் தொடாமல் இருக்கும் சிறிய பெயரால் நஷ்டமில்லை.

சட்டத்தின் முன்

வாட்டர்மார்க் போட்டால்தான் படத்துக்கு உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி நிழற்படம் ஒரு கலைப்படைப்பு. அழகாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காசு கொடுத்து ஒருவரை வைத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

இருந்தாலும் வாட்டர்மார்க்குக்கு ஆதரவாகச் சட்டத்தில் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. 2012-இல் வந்த திருத்தம் 65பி என்ற பிரிவைச் சேர்த்தது. படைப்பின் உரிமையாளர் யார் என்று அடையாளம் காட்டும் தகவலைத் தெரிந்தே, அனுமதியின்றி நீக்குவதும் மாற்றுவதும் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமையாளரின் பெயரும் முகவரியும் அந்தத் தகவலுக்குள் அடங்கும். எனவே வெறும் அலங்கார லோகோவைவிட, உரிமையாளரின் பெயரும் ஊரும் தெளிவாக உள்ள குறிக்கு இங்கே பலம் அதிகம். அதை வெட்டி எறிந்தவர் 'யார் படம் என்று தெரியாமல் போட்டுவிட்டேன்' என்று சொல்லித் தப்பிப்பது கடினம். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, படத்தைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் தந்தால், 21 நாள்களுக்கு அதைப் பிறர் அணுகாதபடி நிறுத்திவைக்கச் செய்யலாம்; அதன் பிறகும் நீடிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். நவராத்திரி ஒன்பது நாள் வியாபாரத்துக்கு 21 நாள் பெரிய காலம்.

இதுவரை பேசியது படத்தின் உரிமை. பொம்மையின் உரிமை வேறு. சிற்பமும் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைப்படைப்பே. வார்ப்புகளும் மாதிரிகளும் சிற்பம் என்பதற்குள் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. முப்பரிமாணப் படைப்பை இருபரிமாணத்தில் காட்டும் உரிமையும் படைத்தவருக்கே உரியது. சுயமாக வடித்த ஒரு பொம்மையை மறுவிற்பனையாளர் படமெடுத்துத் தன் பெயரைப் பதிக்கும்போது, இன்னொருவரின் படைப்பைக் காட்டும் படத்தின் மேல் அந்தப் பெயர் ஏறுகிறது. தசாவதாரம் என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் கையில் பிறந்த அந்த முகமும் அந்த நிலையும் சொந்தமாக முடியும்.

இங்கேதான் பொம்மைக்காரர்கள் அறிய வேண்டிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே சட்டத்தின் 15(2) பிரிவு, வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் படியெடுத்தால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது. அச்சில் வார்க்கும் பொம்மை ஒரு பருவத்திலேயே 50-ஐத் தாண்டிவிடும். கலைப்படைப்பு எங்கே முடிகிறது, வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது என்பது நீண்ட காலமாக வாதத்தில் இருக்கும் விஷயம். 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் - ஐநாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு படிநிலைச் சோதனை ஒன்றை வகுத்தது. அந்த வழக்கு எரிவாயு கொண்டு செல்லும் வண்டிகளின் வரைபடங்களைப் பற்றியது. அந்தச் சோதனையில் கொலு பொம்மை எந்தப் பக்கம் விழும் என்பது வழக்குக்கு வழக்கு வாதிடப்பட வேண்டியது. ஆகவே பதிப்புரிமையை மட்டும் நம்பியிருப்பது பொம்மைக்காரருக்கு உசிதமில்லை.

வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் புதிய வடிவத்தைப் பதிந்தால் முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். கையால் செய்யும் முறையும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் எங்கும் வெளிப்பட்டிருக்கக் கூடாது. புதிய செட்டின் படத்தை வாட்டர்மார்க்கோடு இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அடுத்த மாதம் விண்ணப்பித்தால், அந்தப் படமே விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாகிவிடும். பெயர் பதித்துவிட்டோம் என்ற தைரியத்தில் போட்ட படம், உண்மையான பாதுகாப்புக்கான வழியை அடைத்துவிடுகிறது. வாட்டர்மார்க்கின் மேல் நான் வைக்கும் மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுவே. அது தரும் பாதுகாப்பு உணர்வு அது தரும் பாதுகாப்பைவிடப் பெரியது.

யாருடைய பெயர்?

நான்காவது கேள்விதான் பண்ருட்டிக்கு முக்கியமானது. படத்தின் மேல் இருக்கும் பெயர், படம் யாருடையது என்று மட்டுமே சொல்கிறது. பார்ப்பவரோ பொம்மை யாருடையது என்று அதைப் புரிந்துகொள்கிறார். கல்யாண செட்டின் மேல் சென்னையில் உள்ள ஒரு பக்கத்தின் பெயர் அழகான எழுத்தில் இருந்தால், அந்தப் பக்கம் நடத்துபவரே செய்ததாக வாங்குபவர் மனத்தில் பதிகிறது. அவர் பொய் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். படம் அவர் எடுத்ததாகவே இருக்கலாம். முதலீடும் பேக்கிங்கும் உடைந்தால் ஏற்கும் நஷ்டமும் அவருடையவை. அவருடைய உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் கூழைப் பிசைந்து அச்சில் அடைத்து, இரண்டு பாதியையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கண் திறந்தவரின் பெயரும் ஊரும் அந்த ஒரு குறியின் கீழ் மறைந்துபோகின்றன.

படத்தில் பொம்மைக்காரரின் எண்ணைப் போட வேண்டாம் என்று மறுவிற்பனையாளர் கேட்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. எண் தெரிந்தால் வாடிக்கையாளர் நேரே பண்ருட்டிக்குப் பேசிவிடுவார். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில்தான் அவருடைய பிழைப்பு. எனவே பொம்மைக்காரர் எண்ணைப் பெரிதாகப் பதித்தால் மொத்த ஆர்டரை இழப்பார். பதிக்காவிட்டால் பெயரை இழப்பார். வாட்டர்மார்க்கால் இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது. இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது: எண் வேண்டாம், ஊரின் பெயரும் செய்தவரின் பெயரும் மட்டும் இருக்கட்டும். மறுவிற்பனையாளரின் வியாபாரத்துக்கு இதனால் குறைவில்லை. 'பண்ருட்டியில் கையால் செய்தது' என்ற வரி விலையைக் குறைக்காது, கூட்டவே செய்யும். பலாப்பழத்தைப் பண்ருட்டிப் பலா என்று கேட்டு வாங்கும் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு புவிசார் குறியீடு. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் 2025-இல் அது கிடைத்தது. பக்கத்தில் புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக் கூழ்க் கைவினைக்கும் அது இருக்கிறது. தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் உண்டு. தனி ஒருவரின் வடிவத்தை அது காக்காது. ஆனால் வேறெங்கோ செய்த பொம்மையை ஓர் ஊரின் பெயரில் விற்பதைத் தடுக்கும் உரிமையை அந்த ஊரின் தொழிலாளர்களுக்குக் கூட்டாகத் தரும்.

அச்சில் பதித்த பெயர்

பண்ருட்டியிலிருந்து வெகு தூரமில்லாத அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். கிடைத்தவற்றுள் இத்தாலியின் அரெசோ வட்டாரத்தைச் சேர்ந்த சிவந்த பளபளப்பான மட்கல ஓடுகள் இருந்தன. சிலவற்றில் செய்தவர்களின் முத்திரை: விபி, கமுரி, இட்டா. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்து வந்த கலங்கள், உடைந்து மண்ணில் புதைந்த பிறகும் தம்மைச் செய்தவரின் பெயரைச் சொல்லின. அந்த ஓடுகளை வைத்துத்தான் வீலர் அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார். பெயர் பொருளின் உடம்பிலேயே இருந்ததால்தான் பிழைத்தது.

பொம்மைக்காரருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. புதிய மாதிரியைக் களிமண்ணில் வடிக்கும்போதே, பின்பக்கம் அடியோரத்தில் ஆணி முனையால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சிறிதாகக் கீறிவிடலாம். அதன் மேல் அச்சு எடுத்தால் அச்சில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். அச்சில் அடைத்து எடுக்கும் ஒவ்வொரு பொம்மையிலும் நேராக விழும். பழைய அச்சாக இருந்தால் உட்புறத்தில் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதிக் குடைய வேண்டும். வண்ணம் பூசும்போது அந்த இடத்தில் கனமாகப் பூசாமல் விட்டால் போதும். ஒருமுறை செய்த வேலை நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்கு வரும். யாராவது அந்தப் பொம்மையை வாங்கி அதன் மேல் அச்சு எடுத்தால் பெயரும் கூடவே போகும். அதை மெழுகியோ தேய்த்தோ மறைக்க அவர் தனியாக உழைக்க வேண்டும். தேய்த்த தடம் எஞ்சும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. களிமண்ணும் கூழும் காயும்போது சுருங்கும். காய்ந்த பொம்மையிலிருந்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால், அந்த நகல் இன்னொரு முறை சுருங்கி மூலத்தைவிடச் சற்றுக் குள்ளமாகவும் முகத்தில் கூர்மை மழுங்கியும் வரும். தன் பொம்மையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து தேதியோடு எழுதி வைத்திருப்பவரிடம் யாருடையது மூலம், யாருடையது நகல் என்று காட்டப் பொருளே ஆதாரமாக இருக்கும். எந்த வாட்டர்மார்க்கும் இப்படிச் சாட்சி சொல்லாது.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. அடியில் உள்ள பெயர், பொம்மை கைக்கு வந்த பிறகுதான் தெரியும். திரையில் படம் பார்க்கும் வாடிக்கையாளருக்கும், பணம் கட்டப்போகும் நிமிடத்தில் தயங்குபவருக்கும் அது உதவாது. போலிப் பக்கங்களை எதிர்கொள்ளப் படத்தில் உள்ள பெயரே கைகொடுக்கும். படத்தில் கண்ட பெயரைத் தேடிப் பார்த்து, பேசி, உறுதி செய்துகொள்ள வாங்குபவருக்கு அது ஒரு வழி. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட முடியாது. அடியில் பதித்த பெயரையே படமாக எடுத்து, முகப் படத்துக்கு அடுத்ததாகப் போடுவது இரண்டையும் இணைக்கிறது. பொம்மையைத் திருப்பிக் காட்டும் அந்தப் படத்தை, பொம்மை கையில் இல்லாத மோசடிக்காரர் தன் பெயரில் எடுக்க முடியாது.

தீர்ப்பு

எடைபோட்டுப் பார்த்ததில் நிற்பது இது. வாட்டர்மார்க் வேலி அல்ல, பெயர்ப்பலகை. வேலியாக நம்பிப் பெரிதாக்கினால் பொம்மையின் முகம் மறைகிறது, தளங்கள் ஏற்பதில்லை, திருடுபவரும் நிற்பதில்லை. பெயர்ப்பலகையாகச் சிறிதாக வைத்தால் நல்லெண்ணம் உள்ள மறுவிற்பனையாளரை நெறிப்படுத்துகிறது, வாங்குபவருக்கு வழி காட்டுகிறது, வெட்டி எறிந்தவருக்கு எதிராகச் சட்டத்தில் ஒரு பிடி தருகிறது. எனவே போடலாம். ஆனால் முகத்தில் வேண்டாம், வெறும் மூலையிலும் வேண்டாம். பொம்மை நிற்கும் பீடத்தையோ புடவைக் கரையையோ ஒட்டி, வெட்டினால் பொம்மையும் வெட்டுப்படும் இடத்தில், படத்துக்குப் படம் இடம் மாற்றி, பெயரும் ஊரும் இருக்கட்டும். குறியில்லாத மூலப் படத்தை எடுத்த தேதியோடு தனியாகச் சேமித்து வையுங்கள். வழக்கென்று வந்தால் உங்கள் உரிமையை நிறுவப்போவது அதுதான்.

பாதுகாப்பு என்ற பெயரில் செலவிட நேரமும் பணமும் கொஞ்சமே இருக்கிறதென்றால், அதன் பெரும்பகுதி படத்துக்குப் போகக் கூடாது. புதிய வடிவமா, படம் போடும் முன் வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அச்சா, அதில் பெயரைக் கீறுங்கள். மறுவிற்பனையாளரா, ஊர்ப் பெயர் படத்தில் இருக்கும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போலிப் பக்கமா, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லி ஏமாந்தவரிடம் உடனே சொல்லுங்கள். பணம் போன முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

கொலுவுக்குப் பொம்மை வாங்குபவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு படத்தைப் பார்த்து விலை கேட்கும்போது, கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: 'இதை எந்த ஊரில் யார் செய்தார்கள்?' பத்துப் பேர் கேட்டால் விற்பவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் அதைப் படத்திலேயே எழுதிவிடுவார்.